கருவாட்டு லொறிக்காக வாதாடிய புவனேஸ்வரி அக்கா

ஹட்டன் நீதிமன்றத்தில் நான் வாதாட வேண்டிய வழக்கு அழைக்கப்படுவதற்காகக் காத்திருந்தபோது கைபேசி அதிர்ந்தது. சோமு அண்ணனின் இலக்கம். வெளியே வந்து எடுத்தேன்.

“சாந்தி, தங்கச்சி போயிருச்சும்மா” என்றார். “டொக்டர் இப்பதான் வந்து சொன்னாரு. ஒனக்குத்தான் மொதல்ல எடுக்குறேன்.”

கண்டி ஆஸ்பத்திரியில் புவனேஸ்வரி அக்கா இதய சத்திரசிகிச்சை முடிந்து தேறி வருகிறார் என்று முந்தின நாள் மாலைதான் கேட்டு நிம்மதியாகத் தூங்கியிருந்தேன். உள்ளே போய் நீதவானிடம் விஷயத்தைச் சொல்லி வழக்குக்கு வேறு தவணை கேட்டேன். எதிர்த்தரப்புக்கு நின்ற சட்டத்தரணி தன் கோப்பை மூடிவிட்டு, “நம்ம புவனா மிஸ்ஸா?” என்று ஒரு தடவை கேட்டார்.

சட்டத்தரணி புவனேஸ்வரியை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஆனால் அறிந்தவர்களில் பலருக்கும் அந்தச் சந்தை வழக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ‘அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் கடைச் சண்டை’ என்று பஸ் ஸ்டாண்டில் இன்றும் சொல்கிறார்கள். கூடவே இருந்தவள் என்ற முறையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது ஹட்டனிலிருந்து மேலே ஏறும் பாதையில் உள்ள சிறிய டவுன். அங்கே இருப்பவர்களுக்குப் பெயர் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. பஜாரில் பெரிய மளிகைக் கடை அக்காவின் குடும்பத்துடையது. அப்பாவுக்குப் பிறகு அண்ணன் சோமசுந்தரம் நடத்தினார். கடைக்கு மேல்மாடியில் அக்காவின் அலுவலகம். அதில் பாதி மேசை என்னுடையது. கீழேயிருந்து மல்லியும் வெங்காயமும் கருவாடும் கலந்த வாசனை ஏறி வந்துகொண்டே இருக்கும். எங்கள் கறுப்புக் கோட்டுகளிலும் அந்த வாசனைதான். தேயிலைத் தோட்டத்துக் கட்சிக்காரர்கள் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை.

ஒருநாள் சோமு அண்ணன் ஒரு தாளோடு மேலே வந்தார். அப்போது அவர் வர்த்தகர் சங்கத் தலைவர். பிரதேச சபை கொண்டுவரப்போகும் துணைவிதியின் நகல் அது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சபை எல்லைக்குள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே இடம். வேறு மாவட்டத்திலிருந்து வரும் லொறிகள் டவுனில் பொருள் இறக்கக்கூடாது. காரணம், உள்ளூர் வியாபாரிகளின் நலனும் பொதுச் சுகாதாரமும்.

“இங்கிலீஸ்ல பிழை இருந்தா திருத்திக் குடு” என்றார் அண்ணன்.

அக்கா வாசித்தார். “இங்கிலீஸ் சரியாத்தான் இருக்கு. ஆனா இத செய்ய ஏலாது அண்ணே.”

“ஏன் ஏலாது? வாரத்துல ஒரு நாள் வர்றாங்க. கடை வாடகை இல்ல, வரி இல்ல. வித்துட்டுப் போயிர்றாங்க. நாங்க வாரம் பூரா ஈ ஓட்டுறோம். இந்த வருசம் எத்தனை கடை மூடிட்டாங்கன்னு ஒனக்குத் தெரியாதா?”

அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. அக்காவும் அதை மறுக்கவில்லை. “கஷ்டம் இல்லன்னு நான் சொல்லல. சபைக்கு அதிகாரமும் இருக்கு. கருவாட்ட மூடி வைன்னு சொல்லலாம். தராச சோதிக்கலாம். எடத்துக்குக் கட்டணம் வாங்கலாம். எல்லாத்தையும் எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்யணும், அவ்வளவுதான். ‘நீ எந்த ஊரு’ன்னு விசாரிச்சு சந்தை கேட்ட மூட முடியாது. சட்டபூர்வமான எந்த வியாபாரத்தையும் செய்யிற உரிமைய நாட்டோட அரசியலமைப்பு ஒவ்வொரு பிரஜைக்கும் குடுத்திருக்கு. அத ஒரு சபை வந்து மாவட்ட எல்லையில நிறுத்தி வைக்க ஏலாது.”

அண்ணன் தாளை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். படியில் அவர் செருப்புச் சத்தம் வழக்கத்தைவிடக் கனமாகக் கேட்டது. துணைவிதி நிறைவேறியது.

அமுலுக்கு வந்த முதல் ஞாயிறு காலை அக்கா என்னைக் கூப்பிட்டார். “சாந்தி, பாலத்துக்கு வா. கோட்டப் போட்டுக்கிட்டு வா.”

டவுனுக்குள் நுழையும் பாலத்தில் ஒரு சிறிய லொறியை மறித்திருந்தார்கள். மன்னாரிலிருந்து வருகிற செபமாலை என்ற பெண்ணின் கருவாட்டு லொறி. பல வருடங்களாக எங்கள் சந்தைக்கு வந்துகொண்டிருந்தவர். தோட்டத்து லயக் குடியிருப்புச் சனங்கள் சம்பள வாரத்தில் அவரிடம்தான் கருவாடு வாங்குவார்கள். கடையைவிட விலை குறைவு. சபை ஊழியர் இருவர், பஜாரில் நாங்கள் தினமும் முகம் பார்க்கும் இளைஞர்கள் ஒரு கூட்டம், சற்றுத் தள்ளி இரண்டு பொலிஸ்காரர்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

செபமாலை லொறியிலிருந்து இறங்கி நின்றார். “நான் என்ன களவெடுத்தனானோ? சந்தையில கருவாடு விக்கிறது குற்றமோ?” என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டார்.

அக்கா சபை ஊழியரிடம், மறிப்பதாக இருந்தால் எழுத்தில் தரும்படி கேட்டார். பொலிஸ்காரரிடம் சிங்களத்தில் பேசினார். அவர் வானத்தைப் பார்த்தார். அதற்குள் லொறியின் பின்பக்கம் யாரோ ஏறிவிட்டார்கள். மண்ணெண்ணெய் வாசனை வந்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. எரிக்கவில்லை. மூட்டைகளின் மேல் ஊற்றிவிட்டுக் குதித்து ஓடிவிட்டார்கள். அவ்வளவு கருவாடும் போயிற்று. செபமாலை ஒரு மூட்டையில் கையை விட்டு முகர்ந்து பார்த்தார். பிறகு அழாமல் லொறிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கூட்டத்தில் ஒருவன் அக்காவைப் பார்த்து, “சொந்த அண்ணன் சோத்துல மண்ணப் போடுறீங்களே மிஸ்” என்றான். அக்காவின் முகம் வெளுத்துப் போனது. பயமா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பயம்தான்.

அங்கிருந்து நேரே கடைக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன். கடை நிறைய ஆட்கள். சோமு அண்ணன் கல்லாவில் இருந்தார்.

“மண்ணெண்ணெய் ஊத்தச் சொன்னது நீங்களா?”

“சத்தியமா இல்ல புவனா. நான் அப்பிடிப்பட்டவனா?”

“ஊத்தலாம்னு அவங்களுக்குத் தைரியம் குடுத்தது அந்தத் தாளு.” அக்கா கல்லாவின் மேல் கையை ஊன்றினார். “அப்பா இந்தக் கடையத் தொறந்தப்ப லைசன்ஸ் யாரு பேருல இருந்துச்சு அண்ணே?”

எங்கள் பக்கத்து மூத்தவர்களுக்கு அது தெரிந்த கதை. மலையகத் தமிழர் பலரையும் போல அண்ணன் தங்கை இருவரின் அப்பாவுக்கும் அன்று பிரஜாவுரிமை இல்லை. எனவே அடுத்த தெருவில் இருந்த ஒரு சிங்களப் பெரியவர் தன் பெயரில் அனுமதி எடுத்துக் கொடுத்தார். பிரஜாவுரிமை கிடைக்கும்வரை அவர் பெயரில்தான் கடை நடந்தது.

“அவரு அன்னைக்கு ‘நீ வெளியாளு’ன்னு சொல்லிருந்தா நான் எங்க படிச்சிருப்பேன், நீங்க எங்க ஒக்காந்துருப்பீங்க?”

“அது வேற, இது வேற” என்றார் அண்ணன். “ஆளுங்க முன்னால என்னை அவமானப்படுத்தாத. மேல போ.”

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஒரே கட்டடம். கீழே அவர், மேலே நாங்கள். அலுவலகத்தைக் காலி பண்ணச் சொல்லுவார் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. மேலே வரவும் இல்லை.

அடிப்படை உரிமை மீறல் மனுவை, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அக்கா மனுவை எழுதத் தொடங்கினார். மனுவில் கையெழுத்துப் போட வேண்டிய செபமாலையோ தொலைபேசியை எடுக்கவே இல்லை.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. அடுத்தடுத்த ஞாயிறுகளில் தோட்டத்து ஆட்களும் சந்தை வாசலில் தடுக்கப்பட்டார்கள். லயத்துக்குப் பின்னால் லீக்ஸும் கரட்டும் போட்டுச் சந்தைக்குக் கொண்டுவருகிறவர்கள். நிரந்தர வதிவிடத்துக்கு அத்தாட்சி கேட்டபோது அவர்களிடம் இருந்தது தோட்டத்தின் பெயர் மட்டுமே. வீட்டுக்கு இலக்கம் இல்லை, தெருவுக்குப் பெயர் இல்லை. “தோட்டம் டவுன் எல்லைக்குள்ள வராது” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். துணைவிதியை எழுதியவர்கள் இதை நினைத்துச் செய்தார்களா, நினைக்காமல் செய்தார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

சில நாள் கழித்துத் தோட்டத் தொழிலாளர்களின் தலைவர் காளிமுத்து நாலைந்து பேரோடு மாடிக்கு வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

“மிஸ், சபைத் தவிசாளர் எங்களக் கூப்பிட்டுப் பேசினாருங்க. தோட்டத்து ஆளுங்களுக்கு மட்டும் விதிவிலக்கு தர்றாங்களாம். ஒரே ஒரு விசயந்தான். நீங்க அந்த மன்னார் பொம்பளையோட கேச விட்டுறணும்னு சொல்றாங்க.”

அக்கா அவர்களை உட்காரச் சொன்னார். யாரும் உட்காரவில்லை.

“நீங்க அத ஏத்துக்கலாம் தலைவரே. உங்க பொழப்பு, உங்க முடிவு. நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா அதுக்காக இந்தக் கேச என்னால விட முடியாது.”

“ஏங்க? அந்தம்மா ஒங்களுக்கு என்னா சொந்தமா? நாங்கதானங்க ஒங்க ஆளுங்க?”

“ஆமா, நீங்கதான் என் ஆளுங்க. அதனாலதான் சொல்றேன். இன்னைக்கு உங்களுக்குச் சந்தை கேட்டத் தொறந்து விடுறேன்னு சொல்றவன், சாவியத் தன் கையிலயேதான் வச்சிருக்கான். அடுத்த தேர்தலுக்கு அப்புறம் பூட்டுனா யாருகிட்ட போவீங்க?”

காளிமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. “கொழும்புல கோர்ட்டுப் படி ஏறி எறங்க வருசமாகும். எங்க கரட்டு அதுவரைக்கும் அழுகாம இருக்குமா?” என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. “இருக்காது” என்றார் அக்கா. அவர்கள் இறங்கிப் போன பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அன்று நானே கேட்டுவிட்டேன்: “அக்கா, ஊருல எல்லாரையும் பகைச்சுக்கிட்டு, போன் எடுக்காத ஒரு அம்மாவுக்காக…”

“பகைச்சுக்காம செய்யிற மாதிரி ஒரு வழி சொல்லு, இப்பவே செய்றேன்” என்றார்.

ஒரு மாதம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தபோது நாங்கள் இருவரும் மன்னாருக்குப் போனோம். குளிருக்குப் போட்ட சுவெட்டரை அனுராதபுரத்திலேயே கழற்றிவிட்டோம். கடற்கரையோரம் பாய்களில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. செபமாலை எங்களைக் கண்டதும் எழுந்தார்; ஆனால் வாருங்கள் என்று சொல்லவில்லை. அவருடைய தம்பிதான் பேசினார்.

“உங்கட அண்ணன் எங்களிட்ட வாங்கிறதை நிப்பாட்டிப்போட்டார். தெரியுமோ உங்களுக்கு?”

அக்கா திடுக்கிட்டார். “உங்ககிட்டயா வாங்கினாரு?”

“எத்தினை வருசமா! அவற்ற கடையில தொங்கிற கருவாடு எங்கட பாயில காஞ்சது. லொறி அவற்றது, அவ்வளவுதான். இப்ப எங்கட அக்கா வழக்கெண்டு கோட்டுக்குப் போனா, இனி ஒருநாளும் வாங்க மாட்டன் எண்டு ஆள் அனுப்பியிருக்கிறார்.”

வழக்கின் உயிர்நாடி அந்தப் பாயில் காய்ந்துகொண்டிருந்தது. சுகாதாரத்துக்காகத் தடுத்தோம் என்று சபை சொல்கிறது. அதே கருவாடு உள்ளூர் லொறியில் வந்தால் சுத்தம், வெளியூர் லொறியில் வந்தால் அசுத்தம். இதைச் சத்தியக்கடதாசியில் சொன்னால் சபைக்குச் சொல்ல வாய் இருக்காது. ஆனால் அதைச் சொல்லப்போவது அண்ணனின் கடையைப் பற்றி.

அக்கா செபமாலையை உட்கார வைத்து, பக்கத்தில் மணலில் தானும் உட்கார்ந்தார். “உங்களக் கையெழுத்துப் போடச் சொல்லி வற்புறுத்த நான் வரலைங்க. போட்டா உங்களுக்கு நட்டம் வரலாம். செயிக்கும்னும் சத்தியம் பண்ண ஏலாது. போடாட்டி அந்தப் பாலம் அப்பிடியே இருக்கும். அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்.”

செபமாலை தம்பியைப் பார்க்கவில்லை. “உங்களுக்குப் பயமில்லையோ அம்மா?” என்றார்.

“இருக்கு. நல்லாவே இருக்கு.”

“அப்ப எனக்கும் இருக்கலாம்தானே” என்று சொல்லிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பேனாவைக் கேட்டார்.

கொழும்பில் மனுவை ஆதரித்து அக்காவே வாதாடினார். பின்வரிசையில் வர்த்தகர் சங்கத்தார். அவர்கள் நடுவே சோமு அண்ணன். சபையின் சட்டத்தரணி சுகாதாரத்தைப் பற்றி நீளமாகப் பேசினார். நீதியரசர் ஒருவர் இடைமறித்து, சுகாதாரம்தான் நோக்கமென்றால் துணைவிதி ஏன் கருவாட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் ஆட்களின் விலாசத்தைப் பற்றி மட்டும் பேசுகிறது என்று கேட்டார். வெளியூர்ப் பொருட்களின் தரத்துக்கு உத்தரவாதம் இல்லை என்றார் சபையின் சட்டத்தரணி.

அக்கா எழுந்தார். மனுதாரரின் அதே கருவாடு தடையின்றி டவுனின் மிகப் பெரிய கடையில் விற்கப்பட்டு வந்திருக்கிறது என்று சத்தியக்கடதாசியைக் காட்டினார். அது யாருடைய கடை என்று நீதியரசர் கேட்டார்.

அக்காவின் விரல்கள் மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்ததைப் பக்கத்தில் இருந்த நான் பார்த்தேன்.

“என்னுடைய சொந்த அண்ணனின் கடை, பிரபு” என்றார்.

நான் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. மனுவை விசாரணைக்கு ஏற்று, அதுவரை அந்தத் துணைவிதியை நடைமுறைப்படுத்தக் கூடாது என்று இடைக்கால உத்தரவு கிடைத்தது. விசாரணை முடியும்வரை சபை காத்திருக்கவில்லை. வதிவிடப் பிரிவையும் லொறித் தடையையும் நீக்கிக்கொள்வதாக உறுதி கொடுத்து, சுத்தத்துக்கும் தராசுக்கும் எல்லோருக்கும் பொதுவான விதி கொண்டுவந்தது. செபமாலையின் லொறி பாலத்தைக் கடந்து வந்தது. காளிமுத்துவின் ஆட்கள் கரட்டோடு சந்தைக்குள் நுழைந்தார்கள். எங்களுக்கு யாரும் மாலை போடவில்லை. பஜாரில் சில கடைக்காரர்கள் அக்காவுக்குச் சாமான் தரவும் மறுத்தார்கள். அரிசி வாங்க அவர் ஹட்டனுக்குப் போய் வந்தார், கீழே சொந்த அண்ணன் கடை இருக்க.

அந்த மௌனம் கலைந்தது வேறொரு டவுனால். எங்கள் அண்டை மாகாணத்தில் ஒரு சபை, வெளி மாவட்ட மரக்கறி லொறிகளுக்கு மட்டும் பல மடங்கு நுழைவுக் கட்டணம் போட்டது. முதலில் மாட்டியது சோமு அண்ணனின் லொறி. முட்டைக்கோவா ஏற்றிப் போன லொறியை நிறுத்திவைத்துவிட்டார்கள்.

அன்று மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார்.

“அந்தக் கோர்ட்டு ஓடரோட கொப்பி இருக்கா?” என்றார் அண்ணன், வாசலில் நின்றபடியே.

“இருக்கு. ஒக்காருங்க அண்ணே.”

“நிக்கிறேன்.”

“கேஸ்காரங்க நின்னுக்கிட்டே இருந்தா எனக்கு எழுத வராது. ஒக்காருங்க.”

அவர் உட்கார்ந்தார். அக்கா குத்திக்காட்டி ஒரு சொல் சொல்லவில்லை. லொறி எப்போது நிறுத்தப்பட்டது, யார் நிறுத்தினார்கள் என்று, செபமாலையிடம் கேட்ட அதே குரலில் கேட்டார். அன்றே அந்தச் சபைக்குக் கடிதம் போயிற்று. அவர்கள் வழக்குக்கு நிற்காமல் கட்டணத்தைக் கைவிட்டார்கள். போகும்போது அண்ணன் படியில் நின்று, “அரிசி கீழயே எடு. ஹட்டன் வரைக்கும் தூக்கிக்கிட்டு அலையாத” என்றார். அவர் போன பிறகுதான் அக்கா அழுதார். அந்த வழக்கு முழுவதிலும் அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இப்போது அக்காவின் சாவு வீட்டுக்கு மன்னாரிலிருந்து செபமாலை வந்திருந்தார். யார் இது என்று பெண்கள் பார்த்தார்கள். சோமு அண்ணன் எழுந்து வந்து, “அந்தம்மாவுக்கு எடம் விடுங்க. தங்கச்சியோட தலைமாட்டுல ஒக்காரட்டும்” என்றார். காளிமுத்து பாடைக்கு மூங்கில் கொண்டுவந்திருந்தார்.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது ஒரு வாசிக்கும் பழக்கம். சபைகளும் சங்கங்களும் எழுதுகிற விதிகளைக் கருத்துக் கேட்டு எங்களிடம் கொண்டுவருவார்கள். ‘வெளியார்’, ‘பிற பகுதியினர்’ என்று வருகிற இடத்தில் அக்கா தன் பெயரைப் போட்டு ஒரு தடவை சத்தமாக வாசிப்பார். ‘புவனேஸ்வரிக்கு இங்கே அனுமதி இல்லை.’ பிறகு, “காதுல விழும்போது எப்பிடி இருக்கு சாந்தி?” என்பார்.

போன வாரம் முச்சக்கரவண்டித் தரிப்பிடத்துக்கு ஒரு புதிய விதியின் நகல் வந்தது. மேலே மாடியில் நான் மட்டும்தான் இருந்தேன். இரண்டாவது பிரிவில் ‘வெளியார்’ என்ற அந்தச் சொல் இருந்தது. என் பெயரைப் போட்டுச் சத்தமாக வாசித்தேன். கேட்க ஆள் இல்லை. ஆனாலும் அது எப்படி இருந்தது என்பது எனக்குத் தெரிந்தது. அந்தப் பிரிவை வெட்டி, ஓரத்தில் காரணத்தை எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன்.